கன்னம் கட்டையில் பதியட்டும்: வான்கோழி வேட்டை சைட் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மிசூரியின் வசந்தகால வான்கோழி வேட்டை பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிவருகின்றன: ஷாட்கன்னில் ஃபைபர் ஆப்டிக் சைட் (வெளிச்சத்தை வாங்கி முனையில் மினுங்கும் கம்பி வைத்த குறிபார்க்கும் கருவி) போடலாமா, போட்டால் எதைப் போடுவது? ஏப்ரல் நடுவில் இங்கே சீசன் தொடங்கிவிடும். அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, என்னிடம் இருப்பது 12 கேஜ் பம்ப் ஷாட்கன். குழல் முனையில் ஒரு சின்னப் பித்தளை மணி மட்டும்தான். அதைக் கழற்றிவிட்டு, ஒளிரும் ஃபைபர் மணி ஒன்றைத் திருகிவிட்டால் போதாதா? இருபது டாலருக்குள் முடிந்துவிடும். பின்னாலும் ஒரு சைட் வேண்டும் என்கிறார்கள். அவசியமா?
– கார்த்திகேயன், கொலம்பியா, மிசூரி

அவசியம், தம்பி. முன் மணியை மட்டும் மாற்றினால் மணி பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். ரவை, அதாவது தோட்டாவிலிருந்து கூட்டமாகப் பறக்கும் சின்னக் குண்டுகள், போகிற இடம் மாறாது.

ஷாட்கன் பறக்கிற பறவைகளுக்கென்று உருவான துப்பாக்கி. காடையோ வாத்தோ எழும்பும்போது யாரும் மணியைப் பார்ப்பதில்லை. கண் பறவை மேல் இருக்கும், கை அதன் பின்னால் ஓடும். ரவையும் அகலமாக விரிவதால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பட்டுவிடும். வான்கோழி வேட்டையில் அந்தக் கதையே இல்லை. சேவல், அதாவது ஆண் வான்கோழி, நடந்து வருகிறது, நிற்கிறது, கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. நாம் உட்கார்ந்தபடி தலையையும் கழுத்தையும் மட்டும் குறிவைக்கிறோம். அதற்காகவே குழல் வாயைக் குறுக்கும் இறுக்கமான டர்க்கி சோக் போட்டு, ரவையை விரியவிடாமல் அனுப்புகிறோம். 15 கஜத்தில் அந்த ரவைக்கூட்டம் கிட்டத்தட்ட ஒரு கைமுட்டி அகலம்தான் இருக்கும். அந்த அகலத்தை வைத்துக்கொண்டு உத்தேசமாகச் சுட முடியாது. ரைஃபிள் பிடிக்கிறவரைப் போலக் குறிபார்த்தாக வேண்டும்.

ஒற்றை மணி உள்ள துப்பாக்கியில் பின் சைட்டாக வேலை செய்வது உங்கள் கண். கன்னம் கட்டையில் (துப்பாக்கியில் தோளோடு அணைக்கும் பின்பகுதி) எங்கே பதிகிறது என்பதைப் பொறுத்துக் கண் ஏறும், இறங்கும். கண்ணிலிருந்து முன் மணி வரை சுமார் 36 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்னம் வெறும் கால் அங்குலம் மேலே எழுந்தாலும், மணியைச் சேவலின் கழுத்தில் வைக்கும்போது குழல் வாய் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். 40 கஜம் போவதற்குள் அந்தக் கால் அங்குலம் 10 அங்குலமாகிவிடும். ரவைக்கூட்டத்தின் நடுப்பகுதி சேவலின் தலைக்கு மேலே போய்விடும். இத்தனைக்கும் மணியை நீங்கள் சரியான இடத்தில்தான் வைத்திருந்தீர்கள்.

கன்னம் ஏன் எழுகிறது? நாம் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஒரு கருவாலி மரத்தில் முதுகைச் சாய்த்து, இடது முழங்காலைத் தூக்கி, அதன்மேல் துப்பாக்கியை வைத்திருப்போம். முகத்தில் வலைத்துணி. சேவல் நேராக வருவதாகப் போக்குக் காட்டிவிட்டு, வலது பக்கச் சரிவில் சுற்றிக்கொண்டு வரும். அசையக்கூடாது என்பதால் உடம்பைத் திருப்பாமல் துப்பாக்கியை மட்டும் திருப்புவோம். அந்த முறுக்கலில் கன்னம் கட்டையைவிட்டுத் தானாகவே நழுவும். அதோடு சேவலை நன்றாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் தலையைத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் எவ்வளவு பளிச்சென்ற ஒற்றை மணியும், தலை தூக்கியிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லாது. பின் சைட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு புள்ளி இருந்தால் சொல்லும். முன் புள்ளி அந்த இரண்டுக்கும் நடுவில் சமமாக நிற்காமல் மேலே மிதக்கும். பார்த்தவுடனே கன்னத்தை இறக்கிவிடுவீர்கள். பின் சைட்டுக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான். ஒளிர்வதெல்லாம் அதற்கு அடுத்தபடி.

சரி, எதை வாங்குவது? குழலின் மேல் நெடுக ரிப் என்ற தட்டையான உலோகப் பட்டி ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால், ரிப்பைக் கவ்விப் பிடிக்கும் முன்-பின் ஜோடி வாங்கலாம். சுமார் 40 டாலரில் நல்லதாகவே கிடைக்கும். வாங்குமுன் ரிப்பின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கால் அங்குலம், 5/16, 3/8 என்று வெவ்வேறு அளவுகள் உண்டு. கண்ணால் பார்த்து வித்தியாசம் தெரியாது, கேலிப்பர் வைத்துத்தான் அளக்க வேண்டும். முன் மணியைத் திருகி மாற்றுகிற வகை என்றால் மரையும் பொருந்த வேண்டும். 6-48, 3-56, 5-40, 3 மில்லிமீட்டர் என்று துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். உங்கள் மாடலுக்கு எது என்பதைக் கையேட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள். ரிப் இல்லாத வழவழப்பான குழலாக இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துத் துளையிட்டு மரை போடுவதுதான் வழி.

காந்தத்தில் ஒட்டும் வகையை வான்கோழித் துப்பாக்கிக்கு நான் சிபாரிசு செய்வதில்லை. 3½ அங்குலத் தோட்டாவின் உதை எப்படிப்பட்டது என்று உங்கள் தோளுக்கே தெரியும். திருகாணி போட்டு இறுக்கும் வகையை எடுத்து, மரையில் நீல நிற லாக் பசை ஒரு துளி விடுங்கள். சிவப்புப் பசை வேண்டாம், பிறகு கழற்றுவது பெரும்பாடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் பார்க்கும்போது பெரிய புள்ளிதான் கண்ணை இழுக்கும். ஆனால் 0.125 அங்குலப் புள்ளி 40 கஜத்தில் 5 அங்குலத்தை மறைக்கும். சேவலின் தலை முழுவதும் அதற்குள் காணாமல் போய்விடும். 0.060 அங்குலம் என்றால் 2.4 அங்குலம்தான் மறையும். சின்ன புள்ளியை எடுங்கள். இருட்டில் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

முன்னால் சிவப்பா, பச்சையா?
– ரேவதி, பென்டன்வில், ஆர்கன்சா

பச்சை, என் தேர்வு அதுதான். நல்ல வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிக எடுப்பாகத் தெரிவது பச்சை. வெளிச்சம் மங்க மங்க முதலில் கருத்துப்போவது சிவப்பு. அதைவிட முக்கியமான காரணம், வசந்தகாலச் சேவலின் தலையே சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். சிவப்பின் மேல் சிவப்பு வைத்துக் குறிபார்ப்பதில் என்ன லாபம்? முன்னால் பச்சை, பின்னால் இரண்டும் சிவப்பு என்றிருந்தால் அவசரத்தில்கூட எது முன், எது பின் என்று குழம்பாது. மே மாதத்தில் காடு முழுக்கப் பச்சையாகிவிடுமே என்று சிலர் சிவப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் நியாயம்தான். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிரமம் உள்ளவர்கள், எதிலும் தங்கள் கண்ணை நம்பியே முடிவெடுக்கலாம். கடைக்காரரிடம் கேட்டு வாசல் நிழலில் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். குழல்விளக்குக்கு அடியில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

நிறம் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், ரேவதி. சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றையும் உடம்பில் எங்கேயும் வைத்துக்கொள்ளாதீர்கள். கைக்குட்டை, காலுறை, பனியனின் கழுத்து, தண்ணீர் பாட்டில் மூடி உட்பட. இன்னொரு வேட்டைக்காரர் புதருக்குள் அந்த நிறத்தைத் தேடிக்கொண்டிருப்பார்.

விடியற்காலை இருட்டில் ஃபைபர் ஒளிருமா, மேடம்? சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலேயே சுடலாம் என்கிறது விதி.
– இளங்கோவன், ஸ்பிரிங்ஃபீல்ட், மிசூரி

ஒளிராது. ஃபைபர் கம்பி வெளிச்சத்தை உண்டாக்குவதில்லை. தன் நீளம் முழுக்கப் படும் வெளிச்சத்தை வாங்கி முனை வழியாக வெளியே விடுகிறது. வெளிச்சமே இல்லாதபோது அதனிடம் விடுவதற்கு ஒன்றும் இருக்காது. கம்பி நீளமாகவும் உலோக மூடி அதிகம் இல்லாமலும் இருந்தால் சீக்கிரம் உயிர்பெறும், அவ்வளவுதான். தானே ஒளிர வைக்கும் டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு வைத்த சைட் முழு இருட்டிலும் மினுங்கும். அதன் அரை ஆயுள் 12 வருடத்துக்குச் சற்று அதிகம், அதனால் வருடம் போகப்போக மங்கும், விலையும் கூடுதல்.

ஆனால் நான் அதற்குச் செலவழிக்க மாட்டேன், இளங்கோ. வசந்தகாலத்தில் நாம் சுடக்கூடியது சேவலை, அல்லது நெஞ்சில் தாடி தொங்கும் பறவையை. பச்சைப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு இருட்டில் அந்தத் தாடியும் தெரியாது, பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. விதி அனுமதித்தாலும் அந்த நேரத்தில் விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். இதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் துப்பாக்கி வைத்துக்கொள்ளவே எனக்கு அனுமதி உண்டா?
– பெயர் வேண்டாம், ஓவர்லேண்ட் பார்க், கேன்சஸ்

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. அதற்குள்ளேயே ஒரு விலக்கும் இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் வைத்திருக்கலாம். அது காலாவதியான மறுநாளே நீங்கள் விதிக்கு வெளியே போய்விடுவீர்கள். அதனால் முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, அப்புறம் உரிமம், அதற்கப்புறம்தான் துப்பாக்கிக் கடை. நண்பரின் துப்பாக்கியை ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) கையில் வாங்கிப் பார்ப்பதற்கும் இதே வரிசைதான். விசா விஷயம் என்பதால், குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிட்டே தொடங்குங்கள். கிரீன் கார்டு வந்தபிறகு இந்தத் தடை கிடையாது.

வயது 58. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போடுகிறேன். பின் புள்ளிகள் இரண்டும் கம்பளிப் பூச்சி மாதிரி மங்கித் தெரிகின்றன. சைட்டில் குறையா, என் கண்ணிலா?
– சுந்தரராஜன், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்

கண்ணில்தான் ஐயா, ஆனால் சரிசெய்யக்கூடியதுதான். பின் சைட், முன் சைட், சேவல் என்று மூன்று தூரத்தையும் கண் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. இளவயதில் கண் வேகமாக மாறிமாறிப் பார்த்துச் சமாளிக்கும். நம் வயதில் அது நடக்காது. ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கன்னத்தைக் கட்டையில் வைத்ததும் நீங்கள் பார்ப்பது கண்ணாடியின் மேல் மூலை வழியாக. அது தூரப் பார்வைக்கான பகுதி, சைட் இருப்பதோ கிட்டத்தில்.

பின் சைட்டைக் கண்ணுக்கு அருகில் வைக்காமல் ரிப்பில் முன்னால் தள்ளிப் பொருத்துங்கள், ஏறக்குறைய பாதி தூரத்தில். மங்கல் நன்றாகக் குறையும். சைட்டுகளுக்கு நடுவிலுள்ள தூரம் குறைவதால் துல்லியம் கொஞ்சம் போகும். 30 கஜ வேலைக்கு அது பெரிய இழப்பில்லை. கண் மருத்துவரிடம் போகும்போது கண்ணுக்கும் முன் மணிக்கும் உள்ள தூரத்தை அளந்து எடுத்துப்போங்கள். அந்தத் தூரத்துக்கென்று ஒற்றைப் பவரில் தனியாக ஒரு கண்ணாடி செய்துகொள்ளலாம். கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் புள்ளி. பின் புள்ளிகளும் சேவலும் கொஞ்சம் மங்கினால் குற்றமில்லை.

பட்ஜெட் இடம் கொடுத்தால், உங்கள் நிலைமையில் நான், கண்ணாடிச் சில்லில் ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் சைட்டுக்கே போய்விடுவேன், ஐயா. ஒரே புள்ளி, கண் சேவல் மேலேயே இருக்கலாம். 150 டாலரிலிருந்து 400 வரை ஆகும், பேட்டரியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். வாங்குமுன் கடையிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். புள்ளி நட்சத்திரம் போலச் சிதறித் தெரிந்தால், அதையே கைப்பேசி கேமரா வழியாகப் பாருங்கள். கேமராவில் உருண்டையாகத் தெரிந்தால் சிதறல் உங்கள் கண்ணின் அஸ்டிக்மாடிஸத்தால் (கண்ணின் வளைவு சீராக இல்லாத குறையால்) வருவது. அப்படியானால் ஃபைபர் சைட்டே உங்களுக்கு ஒத்துவரலாம்.

சைட் மாட்டியாயிற்று. ரேஞ்சில் 30 கஜத்தில் சுட்டால் ரவை எல்லாம் கீழேயே போகிறது. எந்தப் பக்கம் திருக வேண்டும், எவ்வளவு?
– ஃபாத்திமா, செயின்ட் லூயிஸ், மிசூரி

ரவை எந்தப் பக்கம் போக வேண்டுமோ, பின் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். கீழே படுகிறதென்றால் பின் சைட்டை மேலே ஏற்றுங்கள். இடதுபக்கம் படுகிறதென்றால் வலதுபக்கம் தள்ளுங்கள். முன் சைட்டைத் தொட நேர்ந்தால் எல்லாம் தலைகீழ்.

எவ்வளவு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும், ஃபாத்திமா. எத்தனை அங்குலம் தவறுகிறதோ அதை இரண்டு சைட்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கு இருக்கும் தூரத்தால் வகுத்துவிடுங்கள், எல்லாமே அங்குலத்தில். 30 கஜம் 1080 அங்குலம். ரவையின் மையம் 5 அங்குலம் கீழே, சைட்டுகளுக்கு நடுவில் 20 அங்குலம் என்றால் 100-ஐ 1080-ஆல் வகுக்க வேண்டும். விடை 0.09 அங்குலம் சொச்சம், அதாவது இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்த வகை சைட்டுகள் பலவற்றில் அளவுக்கோடு இருக்காது. திருகுமுன் கேலிப்பரால் அளந்து குறித்துவையுங்கள். பின் சைட்டை முழுவதும் இறக்கியும் ரவை மேலேயே போனால் இன்னும் உயரமான முன் சைட் வாங்க வேண்டியதுதான்.

தோட்டாவை வீணாக்காதீர்கள். சாதாரண டார்கெட் தோட்டாவில் தொடங்கி, ரவை நடுவுக்கு வந்தபிறகு வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே தோட்டாவில் கடைசியாகச் சரிபாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் படும் என்று எண்ணிவிட வேண்டாம். டங்ஸ்டன் ரவையான டிஎஸ்எஸ் தோட்டா ஒன்றே பத்து டாலர் தாண்டும், ஆனாலும் இந்தச் சரிபார்ப்புக்கு அதைத்தான் செலவழிக்க வேண்டும். மேஜையில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுடுங்கள். ஒரே ஒரு ரவைக்கூட்டத்தைப் பார்த்துத் திருகத் தொடங்கிவிடாதீர்கள்.

அப்புறம் வெவ்வேறு தூரத்தில் பெரிய காகிதத்தில் சுட்டு, ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு எண்ணுங்கள். நூறு ரவைக்குமேல் இருக்கிற கடைசித் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் துப்பாக்கியின் எல்லை. சிலருக்கு அது 40 கஜம், சிலருக்கு 30. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் காகிதம் சொல்வதைக் கேளுங்கள். எல்லையைத் தாண்டிச் சுட்டால் காயம்பட்ட பறவை ஓடிப்போய்ப் புதரில் கிடந்து சாகும். அதை எண்ணினாலே எனக்கு மனசு ஆறாது.

என் 12 வயது மகள் இந்த வருடம் சிறுவர் வேட்டைக்கு வருகிறாள். 20 கேஜ் துப்பாக்கி. வலது தோளில் வைத்துச் சுடுகிறாள், ஆனால் எல்லாம் இடதுபக்கம் போகிறது. சைட்டை நகர்த்திவிடலாமா?
– சிவகுமார், கொலம்பியா, மிசூரி

நகர்த்தாதீர்கள் தம்பி, முதலில் அவள் கண்ணைப் பாருங்கள். இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் ஒரு கதவுக் குமிழைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். வலது கண்ணை மூடியபோதும் குமிழ் தெரிந்தால், ஆளுகிற கண், அதாவது குறிபார்க்கும்போது முந்திக்கொள்ளும் கண், இடது. வலது தோளில் வைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் ரவை இடதுபக்கம்தான் போகும். இடது தோளுக்கு மாறுவது நல்லது. இந்த வயதில் சீக்கிரம் பழகிவிடும். முடியாவிட்டால் பாதுகாப்புக் கண்ணாடியின் இடது பக்கத்தில், பார்வை படும் இடத்தில் மங்கலான டேப் சின்னதாக ஒட்டுங்கள். பின் சைட் உள்ள துப்பாக்கி இவளுக்கு ரொம்பவே உதவும். இடது கண் உள்ளே புகுந்தால் புள்ளிகள் வரிசையில் நிற்காது, அவளே கண்டுபிடித்துவிடுவாள்.

12 கேஜைவிடச் சின்னக் குழலான 20 கேஜ் போதுமா என்ற கவலை வேண்டாம். 9-ம் எண் டிஎஸ்எஸ் ரவை ஒரு அவுன்ஸில் 360-க்கு மேல் இருக்கும். 5-ம் எண் ஈய ரவை 170 அளவில்தான். டங்ஸ்டனின் அடர்த்தி அந்தச் சின்ன ரவைக்குத் தேவையான வேகத்தைக் காப்பாற்றிக்கொடுக்கும். கட்டை அவளுக்கு நீளமாக இருந்தால் குட்டைக் கட்டை போடுங்கள். கை எட்டாத துப்பாக்கியில் கன்னம் ஒருநாளும் சரியாகப் பதியாது.

ஒளிரும் புள்ளியை வான்கோழி பார்த்துவிடாதா?
– மணிமாறன், ஸ்பிரிங்ஃபீல்ட், மிசூரி

அதற்கு நிறம் நன்றாகவே தெரியும், நமக்குத் தெரியாத புற ஊதாவும் தெரியும். கம்பியின் முன் முனை திறந்திருந்தால் அந்த வழியாகவும் ஒளி கசியும். முன்பக்கம் மூடியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அது உங்களைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அசைவை வைத்துத்தான். துப்பாக்கியை முன்கூட்டியே முழங்காலில் ஏற்றி வைத்திருங்கள்.

போன சீசனில் வாங்கிய சைட்டில் பச்சைக் கம்பி பிசுபிசுத்து, வெடிப்பு விட்டிருக்கிறது. பெட்டியிலேயேதான் இருந்தது. மட்டமான சரக்கா?
– ஜெயந்தி, பென்டன்வில், ஆர்கன்சா

பெட்டிக்குள் போவதற்கு முன் உங்கள் கை அதைத் தொட்டிருக்கும், ஜெயந்தி. உண்ணிக்கும் கொசுவுக்கும் பூசுகிற மருந்தில் டீட் இருந்தால் அது சிலவகை பிளாஸ்டிக்கைக் கரைக்கும். ஃபைபர் கம்பிகளில் பலவும் பாலிஸ்டைரீன். அது டீட்டுக்குத் தாங்காது. துப்பாக்கி துடைக்கும் கரைப்பான்களும் இதே வேலையைச் செய்யும். குழலைத் துடைக்கும்போது சைட்டின் மேல் பட்டுவிடாமல் பாருங்கள், சைட்டைத் துடைக்க ஈரத்துணி போதும். உண்ணிக்கு, உடையில் தெளித்துக் காயவைக்கும் பெர்மெத்ரினை முதல்நாளே போட்டுவிடுங்கள். கைக்கு டீட் பூசித்தான் ஆகவேண்டுமென்றால் பூசியபின் கையுறை போடுங்கள்.

சைட்டை எறிய வேண்டாம். கம்பி மட்டும் தனியாகச் சில டாலருக்குக் கிடைக்கும். பழைய கம்பியின் விட்டத்தை அளந்து, அதே அளவில் வாங்குங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, சைட்டைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். கூரான பிளேடால் கம்பியை இருபக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு நறுக்குங்கள். கூட்டில் நுழைத்து, லைட்டர் சுடரைக் கம்பியின் முனைக்கு அருகில் மட்டும் கொண்டுபோங்கள், தொடக்கூடாது. முனை தானாக உருகிக் குடை போல விரியும். விரிந்ததும் சுடரை எடுத்துவிட்டு, பிளேடின் தட்டையான பக்கத்தால் லேசாக அழுத்துங்கள். ஆறியபின் மறுமுனை. கருகிவிட்டால் ஒளி வராது, அந்தத் துண்டை எடுத்துவிட்டு வேறொன்று நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு துண்டு கம்பியையும் சின்ன லைட்டரையும் வேட்டைப் பையில் போட்டுவைத்தால், காட்டில் உடைந்தாலும் முகாமுக்குத் திரும்பிய கையோடு சரிசெய்துவிடலாம்.